பத்து மாத அட்வான்ஸும் மூன்று சொற்களும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் வாடகை வீடு தேடியவர்களுக்குக் கணக்கு மனப்பாடம். மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் பத்து மாதம், ஒன்றரை லட்சம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று இன்னொரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்கள். சுவரைப் பார்த்துப் பிடிப்பதில்லை, வழக்கம் என்று பிடிப்பதுதான்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, தமிழ்நாடு 2017-இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நல்ல விதிகள்தான்.

அட்வான்ஸ் பற்றி 11-ஆம் பிரிவு பேசுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே 'வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று! வேறு ஒப்பந்தத்தை யார் எழுதுகிறார்கள்? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடுகிறவர், பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டிய அவசரத்தில் நிற்கிறவர். பத்து மாதம் என்று எழுதிவிட்டால் வரம்பு போய்விட்டது.

வீட்டுக்காரர்களின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. பழைய சட்டத்தில் குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் அலைந்தவர்கள் உண்டு. அதற்காகத்தான் புதிய சட்டம், இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி தந்திருக்கிறது. சரி, அப்படியிருக்க பத்து மாதப் பணம் எதற்கு? அது வட்டியில்லாக் கடன்தான், வேறொன்றுமில்லை.

2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைக்கிறது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும் நாளிலேயே பணத்தைத் தரச் சொல்கிறது. தமிழ்நாடு இரண்டு மாதத்துக்கு இறங்க வேண்டாம், மூன்றே இருக்கட்டும். அந்த மூன்று சொற்களை மட்டும் நீக்கட்டும். அப்புறம், ஒரு மாதத்துக்குள் திருப்பித் தராதவர் தாமதத்துக்கு வட்டி கட்ட வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு வரி சேர்க்கட்டும். நன்றி, வணக்கம்.