முதல் ஊசி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைக் குணப்படுத்தும் சிறப்பு மருத்துவர்களை எப்படிப் பயிற்றுவிக்கிறோம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் என்று ஆரம்பித்தால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஓர் ஊசியிலிருந்து தொடங்குகிறேன்.

குழந்தைப் புற்றுநோய்களில் மிகுதியாக வருவது ரத்தப் புற்றுநோய். அதிலும் லிம்ஃபோபிளாஸ்டிக் என்ற வகைதான் அதிகம். நோய் உறுதியானதும், முதுகெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்போம். பெரும்பாலும் அதே ஊசி வழியாக மருந்தையும் செலுத்திவிடுவோம். லம்பார் பங்சர் என்று பெயர். புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர் எவருக்கும் இதைச் செய்துபார்க்கக் கை துறுதுறுக்கும்.

ஆனால் அந்த முதல் ஊசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் தெரிந்த புதிதில் குழந்தையின் ரத்தத்தில் புற்றணுக்கள் நிறைந்திருக்கும். ஊசி தடுமாறிச் சிறு ரத்தக்குழாயைக் கீறிவிட்டால், ரத்தத்தோடு அந்த அணுக்களும் மூளை நீருக்குள் போய்ச் சேரும். அப்படி நேர்ந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் முதல் ஊசியை அந்தப் பிரிவிலேயே கைதேர்ந்தவர்தான் போட வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் முதலில் அவற்றை ஏற்ற வேண்டும். குழந்தை அசையாமலிருக்க மயக்க மருந்தும் வேண்டும்.

அப்படியானால் புதியவர் எப்போதுதான் கற்பது? சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. அந்தக் காலத்தில் அதே குழந்தைக்குப் பலமுறை இந்த ஊசி போட வேண்டியிருக்கும். ரத்தத்தில் புற்றணு மறைந்தபின் வருகிற ஊசிகள், பக்கத்தில் மூத்தவர் நிற்க, புதியவருக்கு உரியவை. அதற்கும் முன்னால் ரப்பர் முதுகு கொண்ட பொம்மையில் பயிற்சி உண்டு. அங்கே நான்கு படிகள். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் செய்துகாட்டுவார். அடுத்து விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவதில் மாணவர் ஒவ்வொரு அடியாகச் சொல்ல, ஆசிரியரின் கை அதன்படி நகரும். கடைசியில்தான் ஊசி மாணவர் கைக்குப் போகும். இதில் மூன்றாவது படிதான் உயிர்நாடி என்பது என் எண்ணம். வாயால் வரிசையாகச் சொல்லத் தெரியாதவர் கையால் வரிசையாகச் செய்ய மாட்டார். அவசரத்தில் பல இடங்களில் வெட்டப்படுவதும் அதே படிதான்.

‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு’ என்பது பழைய அறுவைசிகிச்சைக் கூடங்களின் வாய்ப்பாடு. எங்கள் துறைக்கு அது ஒத்துவராது. இப்போது பரவலாகிவரும் முறை வேறு. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் காட்டே 2005இல் முன்வைத்தது அது. ‘இவருக்கு எத்தனை மதிப்பெண்’ என்று கேட்பதில்லை. ‘இந்த வேலையை இவரை நம்பி விடலாமா, எவ்வளவு மேற்பார்வையோடு விடலாம்’ என்பதே கேள்வி. பார்க்க மட்டும், மூத்தவர் அறையிலிருக்கச் செய்ய, கூப்பிட்டால் வருவார் என்ற நிலையில் செய்ய, தனியாகச் செய்ய, பிறரை மேற்பார்வையிட என்று ஐந்து நிலைகள். ஒரே மருத்துவர் கீமோதெரபி மருந்துச்சீட்டு எழுதுவதில் நான்காம் நிலையிலும், லம்பார் பங்சரில் இரண்டாம் நிலையிலும் இருக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

படுக்கையருகே நடக்கும் வகுப்புக்கு வருகிறேன். சிறுகுழந்தையின் வயிற்றில் சிறுநீரகத்தில் வளரும் வில்ம்ஸ் கட்டி பெரிதாக, உருண்டையாக, கைக்கு நன்றாகத் தட்டுப்படும். பாடம் நடத்த இதைவிட வசதியான கட்டி கிடையாது. அதனாலேயே ஆபத்து. வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை அழுத்திப்பார்த்தால் கட்டி உடையக்கூடும். வயிற்றுக்குள் உடைந்தால் நோயின் நிலையே உயர்ந்துவிடும், சிகிச்சையும் கடுமையாகும். ஆகவே ஒருவர் மட்டும் மெதுவாகத் தொட்டுப்பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வார். மற்றவர்கள் ஸ்கேன் படத்தில் கற்றுக்கொள்வார்கள். கட்டிலின் தலைமாட்டில் ‘வயிற்றை அழுத்தாதீர்கள்’ என்று அட்டை தொங்கவிடும் வழக்கமும் உண்டு. கற்பிக்கும் ஆசை அந்த அட்டைக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

இன்னொன்று, வின்கிரிஸ்டின் என்ற மருந்து. ரத்தநாளத்தில் செலுத்தினால் குழந்தையைக் காப்பாற்றும். தவறி முதுகுத்தண்டு நீருக்குள் போனால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ‘கவனமாக இரு’ என்று ஒவ்வோர் அணிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தோம். உலகில் ஆங்காங்கே விபத்து நடந்துகொண்டே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு யோசனை சொன்னது: வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராதீர்கள், சிறு திரவப் பையில் கலந்து தாருங்கள். பையை முதுகு ஊசியில் யாரும் தவறுதலாகப் பொருத்திவிடுவது மிக அரிது. இதை மாணவர்களுக்கு மருந்தியல் பாடமாகச் சொல்வதைவிட, மனிதத் தவறைப் பற்றிய பாடமாகச் சொல்வதையே விரும்புகிறேன். எச்சரிக்கையை மட்டும் நம்பியிருப்பது கற்பித்தல் ஆகாது.

பேசக் கற்றுக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கெட்ட செய்தியைச் சொல்ல ஆறு படி முறை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இடத்தை ஏற்பாடு செய், அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேள், பிறகு செய்தியைச் சொல், உணர்ச்சிக்கு இடம் கொடு, அடுத்து என்ன என்று திட்டமிடு. நல்ல முறைதான். ஆனால் அது பெரியவர்களின் புற்றுநோயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எங்கள் அறையில் அப்பா இருப்பார், அம்மா இருப்பார், ஒன்பது வயதுப் பிள்ளையும் இருக்கும். ‘அவனுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்’ என்பார் அப்பா. பிள்ளையோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தக் காட்சியை நடிகர்களை வைத்து ஒத்திகை பார்க்கிறோம். நடிகர் அழ ஆரம்பித்ததும் பயிற்சி மருத்துவர் பெரும்பாலும் சிகிச்சையின் வெற்றி விகிதத்தை எடுத்து விரிப்பார். அங்கே ஒத்திகையை நிறுத்திவிட்டு, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வேன். இம்முறை எண் எதுவும் சொல்லக்கூடாது. வாய் திறக்காமல் அரை நிமிடம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும்.

எல்லா நோய்களையும் ஓரிடத்தில் பார்க்கவும் முடியாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் அவை பல வகைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. குழந்தைகளின் கல்லீரல் கட்டி போன்ற அரிய வகையைப் பயிற்சிக்காலம் முழுவதும் ஓரிரு முறைதான் ஒருவர் பார்க்கக்கூடும். இதற்குக் காணொளிக் கூட்டங்கள் கைகொடுக்கின்றன. அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, நோய்க்குறியியல் வல்லுநர்கள் கூடி ஒரு குழந்தையின் படங்களைப் பார்த்து முடிவெடுப்பார்கள். பெரியவர்கள் பேசத் தொடங்குமுன், பயிற்சி மருத்துவர் தன் முடிவைத் தாளில் எழுதிவைத்துவிட வேண்டும். பேராசிரியர் சொன்ன பிறகு ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று சொல்ல எல்லோராலும் முடியும்.

அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் மருந்தால் நோய் தற்காலிகமாகத் தணிந்ததைப் பதிவுசெய்தார். அதையே அன்று நம்பத் தயங்கினார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் அதே லிம்ஃபோபிளாஸ்டிக் வகைக் குழந்தைகளில் 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். ஆகவே பயிற்சியில் ஒரு பகுதியை, குணமாகி வளர்ந்தவர்கள் வரும் பின்தொடர் மருத்துவப் பிரிவில் கழிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தசையைப் பலவீனமாக்கலாம் என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். அந்த மருந்தைச் சிறுவயதில் வாங்கிக்கொண்ட முப்பது வயதுப் பெண் எதிரே அமர்ந்து, ‘நான் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? என் இதயம் தாங்குமா?’ என்று கேட்பார். பதில் சொல்லப் பழைய கோப்பைத் தேடியெடுத்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் போனது என்று கூட்டிப்பார்க்க வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்த பயிற்சி மருத்துவர், வார்டுக்குத் திரும்பியதும் தான் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தளவையும் தெளிவாக எழுதிவைக்கிறார். அதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.