மோட்டார் ஓடுது, தண்ணி வரல

[காட்சி: பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கிணத்து மேட்டுல மோட்டார் இரையுது. குழாய் வாய் காஞ்சு கிடக்குது.]

குரல்: "மோட்டார் ஓடுதுங்க, தண்ணி எடுக்க மாட்டேங்குது." பம்பு சர்வீஸ் கடைக்கு அடிக்கடி வர்ற போன் இது. கரண்ட்ட சுழற்சியா மாத்துறது மோட்டார். அந்தச் சுழற்சிய வாங்கி தண்ணியத் தள்ளுறது பம்பு. நம்மூர்ல ரெண்டுக்கும் சேர்த்து 'மோட்டார்'னே சொல்லிருவோம்.

[காட்சி: கிணத்துக்குள்ள இறங்குற குழாயோட அடி. ஃபுட் வால்வு, ரொம்பக் கிட்டத்துல.]

பழுது ரெண்டுலயும் இல்லைங்க, இங்க இருக்குது. இந்தத் தட்டு தண்ணிய மேல விடும், கீழ திரும்ப விடாது. தட்டுக்கு அடியில ஒரு சின்னக் கல்லு சிக்குனாப் போதும். ராத்திரியோட குழாய்த் தண்ணி பூரா கிணத்துக்கே இறங்கிரும். காலைல பம்பு வெறும் காத்தத்தான் சுத்தும்.

இப்ப கம்ப்யூட்டர்ல 'மோட்டார்'னு தேடுனா வைண்டிங், கண்டன்சர்னுதான் காட்டும். சொல்லை வெச்சுத் தேடுனா வால்வுக்குப் போய்ச் சேராது. எது எதோட பாகம், எதுக்கு என்ன வேலைன்னு கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதி வெக்கணும். அதுக்குப் பேருதான் ஆன்டாலஜி.

வேலைய எழுத ஒரு நல்ல முறை இருக்குது. 2002-ல அமெரிக்க அரசோட தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு வேலையையும் ஒரு வினை, அது எதுமேல நடக்குதுங்கற ஒரு பொருள்னு பிரிக்குது. அந்தப் பொருள் மூணே வகை: பருப்பொருள், ஆற்றல், சமிக்ஞை. மோட்டாருக்கு 'மின்னாற்றலை மாற்று'. ஃபுட் வால்வுக்கு 'திரும்பும் நீரைத் தடு'.

[காட்சி: மாடு பூட்டிக் கவலையில தண்ணி இறைக்கிற ஓவியம்.]

பேருங்கள கோக்க ஸ்காஸ்னு 2009-ல வந்த ஒரு இணையத் தரம் இருக்குது. ஒரு கருத்துக்கு ஒரு மொழியில முதன்மைப் பேரு ஒண்ணு, மாற்றுப் பேரு எத்தனை வேணாலும். நாம கவலைங்கறத மதுரைப் பக்கம் கமலைம்பாங்க. ரெண்டும் ஒரே கருத்துல போய் உக்காந்துக்கும். மோட்டார் அதுக்கு நேர் எதிர், ஒரே சொல்லு ரெண்டு கருத்துக்கு. என்னைக் கேட்டா போன் பண்றவரோட சொல்லைத் திருத்தக் கூடாது. ரெண்டுலயும் அந்தச் சொல்லை மாற்றுப் பேரா போட்டு வெக்கணும்.

[காட்சி: போர்வெல் பக்கத்துல கம்ப்ரசர்.]

கம்ப்ரசர் வேற மாதிரி. அதோட வேலை காத்தை அழுத்துறது. பஞ்சர் கடையிலயும் அதேதான். நம்ம போர்ல அந்தக் காத்து குழாய்க்குள்ள தண்ணியோட கலந்து அதை லேசாக்கி மேல தூக்குது. தண்ணி தூக்குறதை கம்ப்ரசரோட வேலைன்னு எழுதாம, இந்த இடத்துல அது ஏத்துக்கிட்ட பங்குன்னு நான் எழுதுவேன்.

[காட்சி: மறுபடி சர்வீஸ் கடை போன்.]

"தண்ணி எடுக்க மாட்டேங்குது"ன்னு அவர் சொன்னதும், கம்ப்யூட்டர் தண்ணி போற வழியோட எல்லா வேலையையும் பின்னால தொட்டுட்டே போய் 'திரும்பும் நீரைத் தடு'ல நிக்கும். மெக்கானிக் கேப்பார்: "ஏனுங்க, குழாய்ல தண்ணி ஊத்துனா நிக்குதுங்களா, இறங்கிருதுங்களா?"