சூளை ரொட்டியை எப்போது வெட்டலாம்?

(காட்சி: விறகுச் சூளையின் வாய். நீண்ட மரத்துடுப்பில் வெளியே வரும் ரொட்டிகள்.)

வணக்கம். குமரி மாவட்டத்தில் விறகுச் சூளையில் ரொட்டி சுடும் சிறிய பேக்கரிகள் இன்றும் சில இருக்கின்றன. விறகை எரித்து, செங்கல் தளமும் வளைந்த கூரையும் நன்றாகச் சூடேறிய பிறகு தணலை ஒதுக்கிவிட்டு, செங்கல் தேக்கி வைத்திருக்கும் சூட்டிலேயே ரொட்டியைச் சுடுகிறார்கள். அத்தகைய கடை பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாய்க்கும் பெரிய வசதி, ரொட்டியை அதன் சரியான வேளையில் சாப்பிட முடிவதுதான். அந்த வேளை எது, ஏன் என்று பார்ப்போம்.

சூளையை விட்டு வெளியே வந்த நொடியில் ரொட்டியின் வேக்காடு முடிந்துவிடுவதில்லை. அப்போது அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். நீரை உறிஞ்சி உப்பிய மாவுச்சத்து இன்னும் இறுகியிருக்காது. அவசரப்பட்டு வெட்டினால் உட்பகுதி பிசுபிசுவெனக் கத்தியில் ஒட்டி நசுங்கும், உள்ளே இருக்க வேண்டிய ஈரமும் ஆவியாகப் பறந்துவிடும். சிறிய பன்னை வெதுவெதுப்பாகவே பிட்டுத் தின்னலாம். பெரிய ரொட்டிக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரமாவது ஆறுதல் வேண்டும். வெந்ததா என்று அறிய, தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதைப் போன்ற ஓசை வந்தால் நன்றாக வெந்திருக்கிறது என்று பொருள்.

(காட்சி: வெட்டிய ரொட்டி, மிக அருகில். செம்பழுப்புத் தோல், சீரற்ற துளைகள்.)

தோல் பழுப்பாகவும் உள்ளே வெண்மையாகவும் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே நீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. வெளிப்புறமோ உலர்ந்து 140 டிகிரிக்கு மேல் போகும்போது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விளக்கிய வினை இது. ரொட்டியின் சுவையில் பெரும்பங்கு அந்த மெல்லிய தோலில் இருக்கிறது என்பதே என் கருத்து. நம் குளச்சல், முட்டம் கடற்காற்றில் முதலில் கெடுவதும் அதுதான். உள்ளிருந்து வரும் ஈரமும் காற்றின் ஈரமும் சேர்ந்து, சில மணி நேரத்தில் மொறுமொறுப்பைப் போக்கிவிடும். ஆகவே சூடு ஆறாத ரொட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டித் தர வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். காகிதத்தில் சுற்றித் தந்தால் போதும்.

சுவையின் மறுபாதி, மாவு புளிக்கும் நேரத்தில் உருவாகிறது. நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்து மாவை உப்ப வைத்துவிடும், ஆனால் மணம் சேர அவகாசம் இருக்காது. அக்கறையுள்ளவர்கள் குளிர்ந்த நீரில் பிசைந்து, ஈஸ்ட்டைக் குறைத்து, இரவு முழுவதும் குளிரில் வைத்துப் புளிக்க விடுகிறார்கள். அந்த நேரமே மாவுக்கு வலுவையும் தருகிறது. இதே வலுவை விரைவில் பெறுவதற்காக முன்பு சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட், இந்தியாவில் 2016-இல் தடை செய்யப்பட்டது.

எதனோடு சாப்பிடுவது? தேங்காய் அரைத்த மீன் குழம்பில் தோல் பகுதியைத் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பை உறிஞ்சியும் அது குழைந்துவிடாது. லேசாகப் புளித்த ரொட்டிக்கு மார்த்தாண்டம் தேன் பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தை மசித்துத் தடவினால் வெண்ணெய்கூடத் தேவைப்படாது.

(காட்சி: குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடப்படுகிறது.)

மிஞ்சியதைப் பெரும்பாலோர் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். ரொட்டி விறைப்பதற்குக் காரணம் உலர்ந்து போவது மட்டுமன்று. ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைக்கிறது என்று பூசிங்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1852-இலேயே காட்டினார். வெந்தபோது குலைந்த மாவுச்சத்து ஆறியபின் மீண்டும் படிகமாக அடுக்குக் கட்டுவதே முதன்மைக் காரணம். குளிரில் வைத்த சோறு விறைப்பதும் இதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில், இது மிக வேகமாக நடக்கிறது. எனவே முதல் நாள் இரவு வரை, வெட்டிய முகத்தைப் பலகையில் கவிழ்த்து, துணியால் மூடி வெளியிலேயே வையுங்கள். அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமென்றால் துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் அடைத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். எடுத்த துண்டைத் தோசைக் கல்லில் மிதமான தீயில் இருபுறமும் வாட்டினால், 60 டிகிரிக்கு மேல் சூடேறும்போது அந்தப் படிகங்கள் இளகி ரொட்டி மறுபடி மென்மையாகும். அந்த மென்மை சூடு ஆறும்வரைதான் நிற்கும் என்பதால், சாப்பிடப் போகும் அளவுக்கு மட்டும் வாட்டிக்கொள்ளுங்கள்.