தலைப்பாகையும் சட்டமும்: பெண்டிங் பிரபுவின் இரு முகங்கள்

அவையோருக்கு வணக்கம். வில்லியம் பெண்டிங் என்றதும் உடன்கட்டை ஏறும் வழக்கமான சதியை ஒழித்த 1829-ஆம் ஆண்டின் சட்டமே நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் அவர் சென்னை ஆளுநர் பதவியை இழந்தவர் என்பதை மறந்துவிட்டால், அச்சட்டத்துக்குப் பின்னிருந்த அச்சம் விளங்காது.

போர்ட்லண்ட் கோமகனின் இரண்டாம் மகனான பெண்டிங், 1791-இல் படையில் சேர்ந்து, 1796-இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1803-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தபோது அவருக்கு 29 வயதுகூட நிறையவில்லை. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, கடுக்கன் அணியக்கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகள் படைத்தலைவர் கிரடாக்கின் காலத்தில் பிறந்தன, மறுத்தவர்களுக்குக் கசையடி. சமயக் குறி பற்றிய விதி தம் கவனத்துக்கு வராமலே நுழைந்துவிட்டது என்று பெண்டிங் பின்னாளில் வாதாடினார். இருக்கட்டும், தலைப்பாகையைக் கைவிடலாமா என்று கிரடாக்கே ஐயுற்றுக் கேட்டபோது, பின்வாங்க வேண்டாம் என்றது பெண்டிங்கின் ஆட்சிக்குழுதான். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, சிப்பாய்களைக் கொன்று குவித்துக் கோட்டையை மீட்டார். 1807-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் பெண்டிங்கைத் திருப்பி அழைத்தபோது இங்கிலாந்தின் பிரதமர் அவருடைய தந்தையே! அந்த உறவும் கைகொடுக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் ஸ்பெயினிலும் சிசிலியிலும் அவர் ஆற்றிய படைப்பணியை இங்கே விரிக்கவில்லை.

1828-இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்தவர், உடன்கட்டை ஏறுவதைத் தடுத்தால் சிப்பாய்கள் பொறுப்பார்களா என்று 49 படை அதிகாரிகளைக் கேட்டார். தலையிடவே வேண்டாம் என்றவர்கள் ஐவர். உடனே, வெளிப்படையாக ஒழித்துவிடலாம் என்றவர்கள் 24 பேர். மற்றவர்கள் நடுவழியை நாடினர். சதியை எதிர்த்துப் போராடிய ராம்மோகன் ராய்கூட ஓசையின்றிப் படிப்படியாகக் கட்டுப்படுத்துவதே நல்லது என்று கருதினார். பெண்டிங்கோ 1829 டிசம்பர் 4 அன்று வெளிப்படையான தடையையே பிறப்பித்தார். அவர் அஞ்சிய படைக் கலகம் எழவில்லை.

1835-இல், பதவியை விட்டுப் புறப்படும் வேளையில், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுப்பதை அவர் ஒழித்தார். தலைப்பாகையை மறுத்தவர்களின் முதுகில் விழுந்த அதே கசைதான் அது. பத்தாண்டுகளில், 1845-இல், அவருக்குப் பின் வந்தவர்கள் அதை மீண்டும் கையில் எடுத்தார்கள்.