பனி எங்க விழும்னு கேளுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஷாலை யாரும் எடுக்க வேணாம், நானே குல்லாவோடதான் பேசப்போறேன்.

ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637. அப்ப உச்சியிலதானே உறைபனி ஜாஸ்தி விழணும்? தை மாசம் விடிகாலைல ஊட்டி பக்கத்துல பள்ளமா இருக்கற தலைகுந்தா போய் பாருங்க, புல்லு பூரா உப்பு கொட்டி வெச்ச மாதிரி கெடக்கும், பைக் சீட்டுல நகத்தால சுரண்டுனா பொடிப்பொடியா வரும், ஆனா மேட்டு வீட்டுக்காரங்களை கேட்டா "எங்க பக்கம் ஒண்ணும் விழலையே"ம்பாங்க. மேகம் இல்லாத ராத்திரி தரையோட சூடெல்லாம் மேல போயிடுது, குளிர்ந்த காத்து கனம், அது சரிவுல வழிஞ்சு எறங்கி பள்ளத்துல தேங்கிக்குது, அவ்ளோதான் விஷயம். அதனாலதான் காந்தல், தலைகுந்தா, ரேஸ் கோர்ஸ் இங்கெல்லாம் முதல்ல வெளுக்குது. மேகம் மூடிருச்சா, இல்ல காத்து அடிக்குதா, தோட்டக்காரங்க நிம்மதியா தூங்கலாம். இங்க காலங்காலமா இருக்கற படுகர் மக்களோட ஹட்டிங்க, அதாவது ஊருங்க, பெரும்பாலும் மேட்டுலயும் சரிவுலயும் இருக்கறத பாத்தா பெரியவங்களுக்கு இதெல்லாம் தெரியாமயா இருந்திருக்கும்னு எனக்கு தோணும்.

தேயிலை கருகறது பனியால மட்டும் இல்லீங்க. கொழுந்து உறைஞ்சு கெடக்கறப்ப சுள்ளுன்னு வெயில் படுது பாருங்க, அங்கதான் அடி. மொதல்ல செவக்கும், அப்புறம் கருகிடும். சின்னச் செடிய காய்ஞ்ச பெரணித் தழை போட்டு மூடுறதும், காய்கறித் தோட்டத்துல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங்ளர் போட்டு பனிய கழுவுறதும் அதுக்குத்தான்.

புல்வெளி நடுவுல சோலை (பள்ளத்துல அடர்த்தியா இருக்கற மலைக்காடு) மரக்கன்னு அவ்ளோ சுலபமா பொழைக்காததுக்கும் இந்தப் பனி ஒரு காரணம், சோலைக்குள்ள மேல இலை மூடியிருக்கறதால உள்ள அவ்வளவு குளிராது. ஆனா காட்டுப் பூவரசு, அதான் ரோடோடெண்ட்ரான் இருக்கே, அது தில்லான மரம். இமயமலையில இருக்கற இனம்தான் இங்கயும், நடுவுல இவ்ளோ பெரிய சமவெளி! வெட்டவெளி புல்லுல தனியா நின்னுக்கிட்டு இந்த சீசன்ல ரத்தச் செவப்பா பூக்குது.

இப்ப பனி கொறையுதுன்னு சந்தோஷப்படாதீங்க, பனியில காஞ்ச புல்லு அப்படியே நிக்குது, காட்டெருமைக்கு மேய பச்சை இல்ல, அதான் கேரட் பாத்திக்கு எறங்குது. மாசி வெயிலுக்கு ஒரு பீடித்துண்டு போதும் மலையே எரிய. போற வழியில ரோட்டோரமா புல்லை எரிச்சு கருப்பா ஒரு பட்டை போட்டிருந்தாங்கன்னா அது தீத்தடுப்புக் கோடு, காட்டை கொளுத்திட்டாங்கன்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுறாதீங்க.