வள்ளப் பட்டறைக் கணினியில் ஓப்பன்புராஜெக்ட் நிறுவினோம்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கடற்கரையும் இல்லை, கோணேசர் கோவிலும் இல்லை. சீனக்குடாப் பக்கம் பெரியப்பாவின் வள்ளம் திருத்தும் பட்டறைக்குள் இருக்கிறேன். பின்னால் கேட்பது கிரைண்டர் சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்றுக் காலம் தொடங்கினால் திருகோணமலையில் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன ஃபைபர் வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிடும். அந்த மாதங்களில்தான் இங்கே வேலை குவியும். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கும்போது எல்லோருக்கும் ஒரே கிழமையில் வள்ளம் வேண்டும். பெரியப்பா இத்தனை வருடமும் இதை ஒரு சீ.ஆர். கொப்பியில்தான் ஓட்டினார். ஒரு வள்ளத்துக்கு ரெசின் வரப் பிந்தினால் அதற்குப் பின்னால் நிற்கும் ஐந்து வள்ளத்தின் தேதியையும் வெட்டி எழுத வேண்டும். போன வருடம் ஒரே நாளை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். வந்து நின்றவர்கள் இரண்டு பேரும் தொழிலுக்குப் போகவேண்டிய ஆட்கள். அன்றைக்கு அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்துத்தான், வேலைகளையும் தேதிகளையும் திட்டமிடும் ஓப்பன்புராஜெக்ட் என்ற மென்பொருளைப் பட்டறைக் கணினியில் நிறுவ இறங்கினேன்.

எக்செல்லில் போட்டால் போதாதா என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் எக்செல் கோப்பை மூன்று பேர் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருந்தால், கடைசியாக யார் சேமித்தார்களோ அவர்களுடையதுதான் நிற்கும். ஓப்பன்புராஜெக்ட் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு வேலையும் தரவுத்தளத்தில் தனி வரியாக இருக்கிறது. தங்கச்சி விலையை மாற்றும் அதே நேரத்தில் பட்டறையில் வேலை செய்யும் பாஸ் (கைத்தொழிலாளி) ஒருவர் தன் வேலை முடிந்தது என்று போனில் குறிக்கலாம். ஒன்று மற்றதை அழிக்காது. உள்ளே இருக்கும் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது, இன்றைக்கும் இலவசம். ஓப்பன்புராஜெக்டின் சமூகப் பதிப்புக்கும் காசு இல்லை.

சரி, கணினி. இது பழைய ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ். ஓப்பன்புராஜெக்ட் கேட்பது நான்கு கோர், 4 ஜிபி ராம், 20 ஜிபி இடம். சின்னப் பட்டறைக்கு இது தாராளம். ஆனால் விண்டோஸில் நேரடியாக நிறுவும் பொதி அதற்குக் கிடையாது. லினக்ஸில் ஓடும் மென்பொருள். அதனால், விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸை வைத்து இப்படியான மென்பொருளை ஓட்டித் தரும் டொக்கர் டெஸ்க்டொப்பைப் போட்டு, அதற்குள் ஓட்டுகிறோம். டொக்கரை நிறுவியதும் முதலில் தொடங்க மறுத்தது. பயோஸுக்குள், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் வேர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டவிடும் வசதி) அணைந்து கிடந்தது. அதை இயக்கிய பிறகு எழும்பிவிட்டது. இன்னொன்று: விண்டோஸுக்குள் இருக்கும் அந்த லினக்ஸ் வழக்கமாக ராமில் பாதியைத்தான் எடுக்கும். 8 ஜிபியில் 4. அதாவது மட்டுமட்டாகப் போதும். 4 ஜிபி கணினி வைத்திருப்பவர்கள் விண்டோஸை விட்டுவிட்டு நேரே உபுண்டு போடுங்கள்.

பொதி பெரியது, அதனால் இரவு டேட்டாவில் இறக்கினேன். இறக்கும்போது 'கடைசிப் பதிப்பு' என்று பொதுவாகக் கேட்காமல் பதிப்பு எண்ணைக் கொடுத்து எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி நான் பட்ட இழப்பு. இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே. முதல் தடவை ஓட்டியபோது, பார்த்துவிட்டு மாற்றலாம் என்ற நினைப்பில், நிறுத்தியதும் கொன்டெய்னர், அதாவது டொக்கர் இந்த மென்பொருளை வைத்து ஓட்டும் பெட்டி, தானாக அழிந்துவிடும்படி கட்டளை கொடுத்திருந்தேன். தரவுக்கென்று தனி வொல்யூம், அதாவது கொன்டெய்னருக்கு வெளியே நிற்கும் சேமிப்பிடம், கட்டவில்லை. நன்றாகத்தான் ஓடியது. தங்கச்சி மூன்று நாள் இருந்து 19 வள்ளங்களின் விவரத்தையும் ஏற்றினாள். நான்காம் நாள் ஒரு அமைப்பை மாற்ற நான் நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். புதிதாக நிறுவியது போல வெறும் பக்கம். கொன்டெய்னர் போனபோது அதற்குள் இருந்த தரவுத்தளமும் போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கொப்பியைத் திரும்ப எடுத்து முதல் பக்கத்தை விரித்தாள். எனக்கு மிகவும் மனவருத்தமாகப் போய்விட்டது.

ஆகவே இதைக் கவனமாகப் பாருங்கள், திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறேன். இரண்டு வொல்யூம்கள். ஒன்று போஸ்ட்கிரெஸின் தரவுக்கு. மற்றது இணைப்புகளுக்கு, அதாவது ஏற்றும் படங்களுக்கு. வள்ளத்தின் வெடிப்பைப் படம் எடுத்து ஏற்றினால் அது தரவுத்தளத்துக்குள் போவதில்லை, கோப்பாகத் தனியே இருக்கும். பெயர் கொடுத்த வொல்யூம்களாகவே வையுங்கள். 'சீ' டிரைவில் ஒரு கோப்புறையைக் காட்டிவிட ஆசை வரும். விண்டோஸ் கோப்புறையில் போஸ்ட்கிரெஸுக்குக் கோப்பு உரிமைச் சிக்கல் வரும், வேண்டாம். இப்படிக் கட்டிவிட்டால் கொன்டெய்னரை அழித்துப் புதிதாகப் போட்டாலும் தரவு தன் இடத்தில் இருக்கும்.

அடுத்தது முகவரி. 8080 எண் வாசலில் (போர்ட்) திறந்தேன், உலாவி பாதுகாப்பான இணைப்புக்குத் தானாகத் தாவி ஒன்றும் காட்டவில்லை. பட்டறைக்குள் மட்டும் ஓடும் கணினிக்கு எச்டிடிபிஎஸ் வேண்டாம் என்று கட்டளையில் சொல்ல வேண்டும். பிறகு போனில் திறந்தால் ஹோஸ்ட் பெயர், அதாவது இந்தக் கணினியை அழைக்கும் முகவரி, பிழை என்றது. போனில் என்ன முகவரி அடிப்பீர்களோ அதையே ஹோஸ்ட் பெயராகக் கொடுங்கள். ரவுட்டரில் இந்தக் கணினிக்கு ஒரே ஐபி எண்ணை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து வரும்போது எண் மாறிவிடலாம். விண்டோஸ் ஃபயர்வோலிலும் அந்த வாசலைத் திறக்க வேண்டும். முதல் தடவை தொடங்க நேரம் எடுக்கும். அட்டவணைகளை ஒவ்வொன்றாக உருவாக்குகிறது, நின்றுபோனதாக நினைத்து நிறுத்திவிடாதீர்கள். உள்ளே போக முதல் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'அட்மின்'. போனவுடன் மாற்றச் சொல்லும்.

நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றியாயிற்று. இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நாட்கள். சனிக்கிழமையை இது விடுமுறை என்று எடுத்துக்கொள்ளும். இங்கே சனி வேலைநாள், ஞாயிறு மட்டும் லீவு. அமைப்புகளில் சனியைத் தெரிவு செய்தோம். பிறகு போயா நாட்களை, அதாவது பௌர்ணமி விடுமுறைகளை, ஒவ்வொன்றாக விடுமுறையாகச் சேர்த்தோம், கலண்டரைப் பார்த்துத் தங்கச்சி வாசிக்க நான் போட்டேன். கிண்ணியாவிலிருந்து வரும் இரண்டு பாஸ்மாரும் வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்குப் போவார்கள். மென்பொருள் முழு நாளாகத்தான் கணக்குப் பார்க்கிறது. அதனால் இடையில் நிறுத்த முடியாத ஃபைபர் ஒட்டு வேலையை வெள்ளியில் வைப்பதில்லை என்று நாங்களே முடிவு எடுத்தோம்.

ரெசின் காய்வது இன்னொரு கதை. மனிதருக்குத்தான் போயா, ரெசினுக்குப் போயா இல்லை. ஞாயிறும் காயும். காய்வதைத் தனி வேலையாகப் போட்டு, 'வேலைநாள் மட்டும்' என்ற குறியை எடுத்துவிட்டோம். ஒட்டு முடிந்த பின் காய்தல், காய்ந்த பின் பூச்சு என்று முன் வேலை, பின் வேலையாக இணைத்தோம். பெரியப்பாவை இருத்திவைத்து, ஒரு வள்ளத்தின் ஒட்டு வேலையை இரண்டு நாள் பின்னுக்கு இழுத்துக் காட்டினேன். வேலைகளை நாட்களின் மேல் கட்டங்களாகக் காட்டும் கேன்ட் அட்டவணையில் அதற்குப் பின்னால் இணைந்திருந்த கட்டங்கள் எல்லாம் தானாக நகர்ந்தன. "இதைத்தானே பிள்ளை நான் ராவில் கிடந்து மனதுக்குள் செய்கிறேன்" என்றார்.

கரண்ட். மழைக்காலத்தில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிடும். நடுவில் அணைந்தால், திரும்ப எழும்பும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்தைச் சரிசெய்யும். நான் சோதனைக்கு இரண்டு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு வரியும் போகவில்லை. ஆனாலும் யூபிஎஸ் வாங்கியிருக்கிறோம், ஏனென்றால் டிஸ்க்கே பழுதானால் பதிவேடும் சேர்ந்துதான் போகும்.

அதற்குத்தான் பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்புறையை அப்படியே பிரதி எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் வரும். போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பு மாறினால் அந்தக் கோப்புகள் திறக்கவும் மாட்டா. தரவை முழுதாக ஒரு கோப்பில் எழுதித் தரும் போஸ்ட்கிரெஸின் 'பீஜி டம்ப்' கட்டளையால் எடுங்கள், படங்களின் வொல்யூமையும் சேர்த்து. இரவில் கணினி அணைந்திருக்கும், ஆகவே மத்தியானம் 12.30க்கு, சாப்பாட்டு நேரத்தில் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். இரண்டு பென் டிரைவ். ஒன்று பட்டறையில், ஒன்று உவர்மலையில் என் வீட்டில், கிழமைக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம்.

நேற்று இரவு வீட்டில் என் மடிக்கணினியில் அதே பதிப்பு எண்ணைப் போட்டு, பென் டிரைவில் இருந்ததை ஏற்றிப் பார்த்தேன். பதிப்பு எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஏறி முடிய 20 நிமிடம். 19 வள்ளங்களும் இருந்தன. ஏழாவது வள்ளத்தைத் திறந்தேன், அடிப்பக்க வெடிப்பின் படமும் இருந்தது. உடனே தங்கச்சிக்கு அழைத்துச் சொன்னேன். "அக்கா, அப்படியென்றால் கொப்பியை மூடட்டா?" என்று கேட்டாள். இந்த வாடை முடியும் வரைக்கும் இரண்டிலும் எழுதுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.