மீனின் பாட்டும் நடுக்கடல் வெளிச்சமும்
(உவரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, ஊர்க் கமிட்டித் தலைவர் அவர்களே, திருநெல்வேலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய படகுச் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி, முன்னால் இருக்கும் தாய்மார்கள், மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். மீன் எப்படிச் சத்தம் போடுகிறது, எப்படிக் கேட்கிறது, ராத்திரியில் வெளிச்சம் போட்டால் அதற்கு என்ன ஆகிறது.

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பார்கள். மீனுக்கு இது பொருந்தாது. அது வாயால் கத்துவதே இல்லை. கத்தாழை மீனையும் கூரல் மீனையும் அறுக்கும்போது நெட்டி என்று தனியாக எடுத்து வைக்கிறோமே, அந்தக் காற்றுப்பைதான் அதற்கு மேளம். பையை ஒட்டிய சதை படபடவென்று சுருங்கி விரிய, பை அதிர்ந்து சத்தம் வருகிறது. ஆற்றுக் கெளுத்தி வேறு ரகம். தாமிரபரணியில் தூண்டிலில் மாட்டிய கெளுத்தியைத் தூக்கினால் பக்கத்து முள்ளை விரித்துக்கொண்டு ‘கிர்ர்… கிர்ர்…’ என்னும். முள்ளின் அடிப்பாகம் குழியில் உரசுகிற சத்தம் அது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கப் போய்விடாதீர்கள், குத்தினால் கடுக்கும்.

கேட்பதற்குக் காதுக்குள் கல் இருக்கிறது. சத்தம் வந்தால் அதை உணர உதவுவது அந்தக் கல்தான். இனி ஒரு கதை, நடந்த கதை.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் சாசலிட்டோ என்று ஓர் ஊர். அங்கே படகையே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் உண்டு. 1980களில், கோடை வந்தால் ராத்திரி முழுக்க அடியிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம். படுத்தால் தூக்கம் இல்லை, பக்கத்தில் பேசினால் கேட்கவில்லை. சாக்கடை பம்பு என்றார் ஒருவர். ராணுவம் ஏதோ ரகசிய வேலை பார்க்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? மிட்ஷிப்மேன் என்ற மீன்! தேரை மீன் சாதி. கல்லுக்கடியில் கூடு கட்டிய ஆண் மீன், பெண் மீனைக் கூப்பிடுகிறது. ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேலும் முழங்கும். நுணல் வாயால் கெடும். இந்த மீன் பாடினால்தான் அதன் குலம் தழைக்கும்.

அந்த மீனைத்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2016இல் எழுதினார்கள். விடாமல் வெளிச்சத்தில் வைத்தார்கள், பாட்டு அடங்கிப்போனது. இருட்டில் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனுக்கு ஈடான மருந்தைக் கொடுத்தார்கள், வெளிச்சத்திலும் பாடியது. பாட்டை அடக்கியது வெளிச்சம் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல?

சரி, நம் கடலுக்கு வருவோம். கத்தாழை சாதியிலும் பல மீன்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் கூடிக் கத்தி முட்டையிடும். அந்த நேரத்தில்தான் வெளியூர் விசைப்படகுகள் எல்.இ.டி. விளக்கைப் போட்டுக் கடலைப் பகலாக்குகின்றன. வெளிச்சத்துக்கு மீன் வரும்தானே என்பீர்கள். வரும். சாளை வரும், நெத்திலி வரும், கணவாய் வரும், நாளைக்கு வளர வேண்டிய குஞ்சும் வரும். மொத்தமாக வாரிக்கொண்டு போகிறார்கள். விடிந்து வள்ளத்தில் போகிறவர் வெறும் வலையோடு திரும்புகிறார். மீன் வாயால் கெடவில்லை ஐயா, விளக்கால் கெடுகிறது!

இந்த விளக்கு மீன்பிடிப்பை 2017 நவம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருக்கிற தடையை ராத்திரி கடலில் போய் அமல்படுத்துங்கள் என்கிறோம்.

மேடைக்கு வலப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது. பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும், கூடையில் மீன் இல்லாவிட்டால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுக்கிறோம். கமிட்டித் தலைவர் அவர்களே, கடலைப் பார்த்து நிற்கும் நம் கரை விளக்கையும் தரையைப் பார்த்துத் திருப்பிவிடச் சொல்லுங்கள்.